கறுப்புச் சட்டையை முன்மொழிந்தவர்

நியூசிலாந்தின் தேசிய ரக்பி அணி உடுத்தும் கறுப்புச் சட்டையும், அதன் மார்பில் பொறித்திருக்கும் வெள்ளிநிறப் பெரணி இலையும் இன்று உலகின் எந்த மூலையிலும் அடையாளம் கண்டுகொள்ளப்படும் விளையாட்டுச் சின்னங்கள். ஆனால் அவற்றை ஒரு தீர்மானமாக முன்மொழிந்து, அவ்வாண்டே நாட்டின் முதல் அதிகாரபூர்வ அணிக்குத் தலைமையும் தாங்கிய தாமஸ் ரங்கிவாஹியா எலிசனின் பெயர், ரக்பி வரலாற்றை ஊன்றிப் படிப்போரைத் தாண்டி அதிகம் புழங்குவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் விளையாடிய இந்த வீரர் நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இனத்தவர், ஆட்டத்தின் நுட்பத்தை வகுத்தும் எழுதியும் வைத்தவர். வழக்கறிஞராகத் தம் மக்களின் நில உரிமைக்காக வாதாடியவர். நாற்பது வயதைக்கூட எட்டாமல் மறைந்தவர். ஒரு நாடு தன் பெருமையின் அடையாளமாகக் கொண்டாடும் பொருள்களை யாரிடமிருந்து பெற்றுக்கொண்டது, பெற்ற பின் அவருடைய இனத்தாரை எவ்வாறு நடத்தியது என்னும் இரண்டு கேள்விகளுக்கும் எலிசனின் வரலாற்றில் விடை இருக்கிறது.

அவர் ஆடிய ஆட்டத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வது அவருடைய பங்கை விளங்கிக்கொள்ள உதவும். ரக்பியில் பக்கத்துக்குப் பதினைந்து பேர் முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடவும் காலால் உதைக்கவும் செய்வார்கள். ஆனால் தம் அணியினருக்குப் பந்தை எறியும்போது பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் எறியலாம், முன்னோக்கி எறியக்கூடாது. எதிரணியின் கோட்டைக் கடந்து பந்தைத் தரையில் பதிப்பதற்கு 'டிரை' என்று பெயர். இன்று அதற்கு ஐந்து புள்ளிகள் கிடைக்கின்றன. எலிசன் இங்கிலாந்தில் ஆடிய காலத்தில் ஒரே ஒரு புள்ளிதான் கிடைத்தது, ஏனெனில் அப்போது டிரை என்பது அதைத் தொடர்ந்து கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்து மேலும் புள்ளிகள் பெறுவதற்கான வாய்ப்பாகவே கருதப்பட்டது. சிறு தவறுகளால் ஆட்டம் தடைப்படும்போது இரு அணிகளின் முன்வரிசை ஆட்டக்காரர்களும் தோளோடு தோள் கோத்துக் குனிந்து, தேரைச் சன்னைக்கட்டை கொடுத்து உந்துவோரைப் போல முழு உடல் வலுவையும் செலுத்தி எதிரெதிராகத் தள்ளுவார்கள். 'ஸ்க்ரம்' எனப்படும் இந்தக் கூட்டத்தின் நடுவே பந்து போடப்படும். அதைக் காலால் பின்னுக்கு இழுத்துத் தம் பக்கம் வெளியே கொண்டுவரும் அணிக்கு அடுத்த தாக்குதலைத் தொடங்கும் உரிமை கிடைக்கும். எலிசனின் மூளை பெரிதும் உழைத்தது இந்த ஸ்க்ரமைப் பற்றித்தான்.

எலிசன் 1867ஆம் ஆண்டு வாக்கில், நியூசிலாந்தின் தென் தீவில் ஒட்டாகோ தீபகற்பத்திலுள்ள ஒட்டாக்கோவ் என்னும் மாவோரிக் குடியிருப்பில் பிறந்தார். 1830களில் திமிங்கில வேட்டைக்காரர்கள் தளம் அமைத்துத் தங்கிய இடம் அது. சிட்னியிலிருந்து வந்து அந்தத் தளத்தை நடத்திய வெல்லர் சகோதரர்களுள் ஒருவரான எட்வர்டு வெல்லர், தைஆரோவா என்னும் தலைவரின் மகளை மணந்தார். அவர்களுடைய மகள் நானி, தாமஸின் தாயார். தந்தை ரனியேரா எலிசனும் மாவோரி, ஐரோப்பிய வழிகள் இரண்டையும் சேர்ந்தவர். அவரைப் பற்றி ஒரு கதை ஒட்டாகோவின் தங்கவேட்டை வரலாற்றில் நிலைபெற்றிருக்கிறது: 1862இல் ஷாட்ஓவர் ஆற்றின் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்ட நாயை மீட்கப் போன அவரும் அவருடைய தோழரும் பாறை இடுக்குகளில் தங்கம் மின்னக் கண்டு, பொழுது சாய்வதற்குள் 25 பவுண்டு எடையை அள்ளிவிட்டனர் என்பார்கள். அந்த இடம் இன்றும் மாவோரி முனை என்றே அழைக்கப்படுகிறது.

மாவோரி இளைஞர்களுக்கு ஆங்கிலக் கல்வி அளித்து, அவர்களைப் பொதுவாழ்வுக்கு ஆயத்தப்படுத்திய டே அவுட்டே கல்லூரியில் எலிசன் 1880களின் தொடக்கத்தில் சேர்ந்தார். வட தீவின் ஹாக்ஸ் பே பகுதியில் ஆங்கிலிக்கத் திருச்சபையினர் நடத்திய இந்தக் கல்லூரி, அடுத்த தலைமுறையில் நாடாளுமன்றத்திலும் மருத்துவத்திலும் சட்டத்திலும் பெயர்பெற்ற மாவோரித் தலைவர்கள் பலரை உருவாக்கியது. ரக்பியும் அங்கே பாடத்துக்கு நிகரான அக்கறையுடன் ஆடப்பட்டது. படிப்பு முடிந்தபின் வெலிங்டன் நகருக்குச் சென்ற எலிசன், பொனேக்கே என்னும் சங்கத்தில் சேர்ந்து முன்வரிசை ஆட்டக்காரராகப் பெயரெடுத்து, வெலிங்டன் மாகாண அணியிலும் இடம்பெற்றார்.

அவரை உலகறியச் செய்தது 1888இல் தொடங்கிய 'நியூசிலாந்து நேட்டிவ்ஸ்' அணியின் பயணம். அவ்வாண்டு பிரிட்டனிலிருந்து முதன்முறையாக ஒரு ரக்பி அணி ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் வந்து ஆடியிருந்த நிலையில், ஜோ வார்பிரிக் என்னும் மாவோரி வீரர், தாமஸ் எய்ட்டன் முதலியோரின் நிதியுதவியுடன் மாவோரிகளை மட்டும் கொண்ட ஓர் அணியைத் திரட்டி பிரிட்டனுக்கு அழைத்துச் செல்லத் திட்டமிட்டார். பின்னர் அணியை வலுப்படுத்த வெள்ளையர் சிலரும் சேர்க்கப்பட்டதால் அணியின் பெயர் 'நேட்டிவ்ஸ்' என்று மாறியது. இந்தக் குழுவினர் 1889 ஆகஸ்டு வரை நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் அயர்லாந்திலுமாக 107 ரக்பி ஆட்டங்கள் ஆடி, 78இல் வென்று, 23இல் தோற்று, ஆறைச் சமன் செய்தனர். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் மட்டும் ஆறு மாதங்களுக்குள் 74 ஆட்டங்கள்! அடிபட்டவருக்கு மாற்று ஆள் இறக்கும் வழக்கமில்லாத அக்காலத்தில், வாரத்துக்கு மூன்று ஆட்டங்கள் என்ற கணக்கில், நுழைவுக் கட்டணத்தை நம்பியே அந்தப் பயணம் நடத்தப்பட்டது என்பதை எண்ணிப் பார்த்தால், அதை விளையாட்டுப் பயணம் என்பதைவிடக் கடும் உழைப்பு என்பதே பொருந்தும். இத்தனை நீண்ட சுற்றுப்பயணத்தை அதன்பின் எந்த ரக்பி அணியும் மேற்கொண்டதில்லை.

ஆட்டத்துக்கு முன் மாவோரிகளின் வீரக்கூத்தான ஹாக்காவை பிரிட்டன் மைதானங்களில் முதன்முதலில் ஆடிக்காட்டியவர்களும் இவர்களே. கறுப்பு உடையில் வெள்ளிப் பெரணி இலையை அணிந்துகொண்டு ஆடியவர்களும் இவர்களே. தொலைதூரக் குடியேற்ற நாட்டிலிருந்து ஏதோ விந்தை மனிதர்கள் வருகிறார்கள் என்று எதிர்பார்த்து வந்த கூட்டம், தங்களுடைய ஆட்டத்தைத் தங்களைவிடத் துடிப்பாக ஆடக்கூடியவர்களைக் கண்டது. 1888 டிசம்பர் 1இல் டப்ளினில் அயர்லாந்தின் தேசிய அணியை 13க்கு 4 என்ற கணக்கில் இவர்கள் வீழ்த்தினார்கள். அம்மாத இறுதியில் ஸ்வான்சீயில் வேல்ஸிடம் 0-5 எனத் தோற்றார்கள். இந்த ஆட்டங்களால்தான் எலிசன் பன்னாட்டு ரக்பியின் தொடக்ககால வீரர்களுள் ஒருவராகிறார்.

பயணத்தின் மிகக் கசப்பான நாள் 1889 பிப்ரவரி 16. லண்டனை அடுத்த பிளாக்ஹீத்தில் இங்கிலாந்துக்கு எதிராக நடந்த ஆட்டம் அது. பிரிட்டன், அயர்லாந்துத் தீவுகளின் மற்ற மூன்று நாடுகளுடனும் ஏற்பட்ட பிணக்கினால் அந்தப் பருவத்தில் இங்கிலாந்து ஆடிய ஒரே பன்னாட்டு ஆட்டமும் அதுதான். நடுவராக இருந்தவர் ஜார்ஜ் ரோலண்ட் ஹில். அவர் இங்கிலாந்து ரக்பி சங்கத்தின் செயலாளரும்கூட. ஓர் அணியை அனுப்பிய சங்கத்தின் தலைமை நிர்வாகியே அந்த ஆட்டத்துக்குத் தீர்ப்பும் சொல்வது அன்றைய நடைமுறையில் யாருக்கும் உறுத்தவில்லை போலும். இங்கிலாந்து பெற்ற முதல் டிரைகளே செல்லாது என்று நேட்டிவ்ஸ் வீரர்கள் முறையிட்டும் நடுவர் ஏற்கவில்லை. பிற்பாதியில், கிரிக்கெட்டிலும் ரக்பியிலும் இங்கிலாந்தின் நட்சத்திரமாக விளங்கிய ஆண்ட்ரூ ஸ்டாடர்ட் பந்துடன் ஓடிவந்தபோது அவரைப் பிடிக்கப் பாய்ந்தவர் எலிசன்தான். ஸ்டாடர்ட் திமிறிக்கொண்டு போனார்; அவருடைய கால்சட்டையின் ஒரு பகுதி எலிசனின் கையில் தங்கிவிட்டது. அவர் மானம் காக்கும்பொருட்டு, எதிரணியினராக இருந்தும், நேட்டிவ்ஸ் வீரர்கள் ஆட்டம் நின்றுவிட்டதாகக் கருதி அவரைச் சுற்றி வளையமாக நின்றுகொண்டார்கள். அந்த இடைவெளியில் ஃபிராங்க் எவர்ஷெட் என்ற இங்கிலாந்து வீரர் கீழே கிடந்த பந்தை எடுத்துக்கொண்டு ஓடிக் கோட்டைக் கடந்து பதித்துவிட்டார். நடுவர் அதையும் டிரை என்று அறிவித்தார்.

நேட்டிவ்ஸ் வீரர்கள் மூவர் வெறுத்துப்போய் மைதானத்தை விட்டு வெளியேறினார்கள். பிறகு சமாதானம் செய்யப்பட்டுத் திரும்பி வந்தார்கள். ஆட்டம் 7-0 என்று இங்கிலாந்துக்குச் சாதகமாக முடிந்தது. அதன்பின் நடந்தது அதைவிடச் சிறுமையானது: இங்கிலாந்து ரக்பி சங்கம் மன்னிப்புக் கேட்கும்படி வற்புறுத்தியது, அனுப்பப்பட்ட முதல் கடிதம் போதாது என்று ஒதுக்கி, தன் மனதுக்கு உகந்த வாசகத்தில் மற்றொன்றைப் பெற்றுக்கொண்டது, அணி நாடு திரும்பியபோது அதிகாரபூர்வமாக வழியனுப்பக்கூட முன்வரவில்லை. எலிசன் பிற்காலத்தில் எழுதிய நூலில் இந்த ஆட்டத்தைப் பற்றிக் கிண்டலும் கோபமும் கலந்த நடையில் பதிவு செய்திருக்கிறார். ஆட்டத்தின் பண்பாட்டுக்குத் தாங்களே காவலர் என்று சொல்லிக்கொண்டவர்கள் அன்று நடந்துகொண்ட முறையையும், எதிரியின் மானத்துக்காக வளையமாக நின்றவர்களுக்குக் கிடைத்த பரிசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது அவருடைய கோபம் மிகை என்று சொல்ல இயலாது.

ஆட்ட முறையில் எலிசன் செய்த பெருஞ்செயல் 'விங் ஃபார்வர்ட்' என்னும் பொறுப்பை வகுத்தது. பிரிட்டனில் அக்காலத்தில் ஸ்க்ரமில் இன்னாருக்கு இன்ன இடம் என்ற வரையறை இல்லை. யார் முதலில் வந்து சேர்கிறாரோ அவர் முன்னால் தலை கொடுப்பார், பின்னால் வருபவர் பின்னால் சேர்ந்து தள்ளுவார். பந்து வெளியே வந்ததும் அதை எடுத்துப் பின்வரிசைக்கு அனுப்பும் 'ஹாஃப் பேக்' என்ற ஆட்டக்காரரை எதிரணி முன்வரிசையினர் ஸ்க்ரமைச் சுற்றி ஓடிவந்து அமுக்கிவிடுவது வழக்கமாக இருந்தது. பொனேக்கே சங்கத்தில் ஆடியபோது இந்தத் தொல்லைக்குத் தீர்வு தேடிய எலிசன், ஸ்க்ரமில் தள்ளுவோரைக் குறைத்து, அவ்வாறு விடுபட்டவரை ஸ்க்ரமின் பக்கவாட்டில் நிறுத்தி, ஹாஃப் பேக்குக்கு அரணாக இருக்கச் செய்ததாகத் தம் நூலில் எழுதுகிறார். முன்னால் இருவர், நடுவில் மூவர், பின்னால் இருவர் என ஏழு பேர் மட்டுமே தள்ளும் நியூசிலாந்தின் ஸ்க்ரம் முறைக்கு இது ஏற்றதாக அமைந்தது. ஒவ்வொருவருக்கும் நிலையான இடமும் தனிக் கடமையும் இருந்ததால் எட்டுப் பேரின் தள்ளுவலுவை ஏழு பேரின் ஒழுங்கு ஈடுகட்டிவிட்டது. இந்த முறைக்கு வேறு உரிமையாளர்களும் உண்டு என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். எனினும் இதைத் தெளிவாக வகுத்து, காரணம் காட்டி எழுத்தில் நிறுவியவர் எலிசன் என்பதில் ஐயமில்லை.

நியூசிலாந்து ரக்பி சங்கம் 1892இல் தோன்றியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் கூடிய அதன் முதல் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், நாட்டின் அணி கறுப்புச் சட்டையும் அதில் வெள்ளிப் பெரணி இலையும், வெள்ளிநிற எழுத்துப் பின்னல் கொண்ட கறுப்புத் தொப்பியும், வெள்ளைக் கால்சட்டையும், கறுப்புக் காலுறையும் அணிய வேண்டும் என்று எலிசன் முன்மொழிந்தார். தீர்மானம் நிறைவேறியது. கால்சட்டை பின்னாளில் கறுப்பாயிற்று. சட்டையும் இலையும் அப்படியே நிலைத்தன. நேட்டிவ்ஸ் அணி உடுத்திய உடையே இவ்வாறு தேசத்தின் உடையாயிற்று. அதாவது பெரும்பாலும் வெள்ளையர் ஆளும் ஒரு சங்கம், மாவோரிகள் கடல்கடந்து சுமந்துசென்று புகழ்சேர்த்த அடையாளத்தை, ஒரு மாவோரியின் சொல்லைக் கேட்டு, தன் அடையாளமாக ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு சங்கத்தின் பெயரால் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட முதல் அணிக்கு எலிசனே தலைவர். நியூ சவுத் வேல்ஸிலும் குயின்ஸ்லாந்திலும் ஆடிய அந்த அணி ஒரே ஓர் ஆட்டத்தில்தான் தோற்றது.

ஆட்டத்திலிருந்து விலகிய பின்னும் அவர் அதன் நிர்வாகத்தில் ஈடுபட்டிருந்தார். வெளிநாட்டுப் பயணங்களில் மாதக்கணக்காக வேலையை விட்டுவரும் ஆட்டக்காரர்களுக்கு இழந்த கூலியை ஈடுசெய்ய வேண்டும் என்பது அவர் கருத்து. ஊதியமின்றி ஆடுவதே ஆட்டத்தின் புனிதம் என்று ரக்பியை ஆண்டவர்கள் கருதிய காலம் அது. இதே கேள்வியில்தான் 1895இல் வட இங்கிலாந்தின் சங்கங்கள் பிரிந்துபோய், பின்னர் ரக்பி லீக் எனப்பட்ட தனி ஆட்டத்துக்கு வித்திட்டன. வசதி படைத்தோருக்கு எளிதான அந்தப் புனிதம் கூலி வாங்கிப் பிழைப்போரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்கும் என்பதை, 107 ஆட்டப் பயணத்தில் உழைத்து வந்த எலிசன் தெளிவாகவே அறிந்திருந்தார்.

தொழிலால் அவர் வழக்கறிஞர். வெலிங்டனில் சட்டம் பயின்று வழக்கறிஞராகப் பதிவுபெற்ற முதல் மாவோரியர்களுள் அவர் ஒருவர். தென் தீவின் மாவோரிகளான நை டாஹு மக்கள், 1848இல் பெரும் நிலப்பரப்பை 2,000 பவுண்டுக்கு அரசிடம் கொடுத்தபோது வாக்களிக்கப்பட்ட ஒதுக்கீட்டு நிலங்கள் போதிய அளவில் வந்து சேராததால் தலைமுறைகளாக முறையிட்டு வந்தார்கள். எலிசனின் தாய்வழி உறவினரான தைஆரோவா குடும்பத்தார் அந்த முறையீட்டை நாடாளுமன்றம் வரை கொண்டுசென்றனர். எலிசனும் தம் சட்ட அறிவை நில வழக்குகளில் செலவிட்டார். 1867 முதல் மாவோரிகளுக்கென ஒதுக்கப்பட்ட நான்கு தொகுதிகளுள் ஒன்றான தெற்கு மாவோரித் தொகுதியில் பலமுறை போட்டியிட்டார், வெற்றி கிட்டவில்லை. நை டாஹு மக்களின் கோரிக்கைக்கு அரசு இறுதித் தீர்வு கண்டது 1998இல்.

1902இல் எலிசன் வெளியிட்ட ரக்பிக் கலை பற்றிய நூல், நியூசிலாந்தில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதப்பட்ட முதல் நூல்களுள் ஒன்று. ஒவ்வொரு இடத்தில் ஆடுபவரின் கடமை, பயிற்சி, தலைவரின் பொறுப்பு ஆகியவற்றை விளக்குவதோடு, 1888, 1893 பயணங்களின் நினைவுகளையும் அது சொல்கிறது. நூல் வந்த இரண்டே ஆண்டுகளில் அவர் நோயுற்று, போரிருவா மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு, 1904 அக்டோபர் 2இல் காசநோயால் இறந்தார். அவரை பிரிட்டனுக்கு அழைத்துச் சென்ற வார்பிரிக், அதற்கு முந்தைய ஆண்டே வைமாங்கு வெந்நீர் ஊற்று திடீரெனப் பொங்கியதில் உயிரிழந்திருந்தார்.

எலிசன் இறந்து ஓராண்டுக்குள் டேவ் கல்லஹர் தலைமையில் நியூசிலாந்து அணி பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் சென்று, அங்கு ஆடிய 32 ஆட்டங்களில் 31இல் வென்று, வேல்ஸிடம் மட்டும் 0-3 எனத் தோற்றது. 'ஆல் பிளாக்ஸ்' என்ற பெயர் பரவியது இந்தப் பயணத்தில்தான். ஆக, அந்தப் பெயருக்குக் காரணமான உடையை முன்மொழிந்தவர் அதைக் கேட்கும்வரை உயிரோடிருக்கவில்லை. கல்லஹர் விங் ஃபார்வர்டாக ஆடியதால், ஸ்க்ரமுக்கு வெளியே நின்று எதிரிகளை மறிப்பது ஏமாற்று வேலை என்று பிரிட்டன் பத்திரிகைகள் அவரைத் தூற்றின. அந்தச் சச்சரவு அடங்காமல் தொடர்ந்து, 1930இல் நியூசிலாந்து வந்த பிரிட்டன் அணியின் மேலாளர் கடுமையாகச் சாடிய பின், ஸ்க்ரமின் முதல் வரிசையில் மூவர் இருந்தே தீர வேண்டும் என்று பன்னாட்டு வாரியம் விதியை மாற்றியது. அந்த வாரியத்தில் அன்று நியூசிலாந்துக்கு இடமே இல்லை. 1932 முதல் விங் ஃபார்வர்ட் மறைந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் தனி இடம், தனிக் கடமை என்ற எண்ணம் உலகெங்கும் ஆட்டத்தின் இலக்கணமாகிவிட்டது.

கறுப்புச் சட்டைக்கு வேறொரு வரலாறு காத்திருந்தது. நிறவெறி ஆட்சி செய்த தென்னாப்பிரிக்காவுக்கு 1928இலும் 1949இலும் 1960இலும் நியூசிலாந்து அனுப்பிய அணிகளில், அங்குள்ளோரின் மனம் கோணக்கூடாது என்பதற்காக மாவோரி வீரர்கள் விலக்கப்பட்டார்கள்; அக்காலத்தின் ஈடிணையற்ற வீரர் எனப் போற்றப்பட்ட ஜார்ஜ் நேபியாவும் 1928இல் வீட்டில் இருக்க நேர்ந்தது. 1960இல் மாவோரிகள் இல்லையேல் பயணமும் இல்லை என்று கோரி ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்டும் சங்கம் இணங்கவில்லை. 1970இல் மாவோரிகள் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் 'கௌரவ வெள்ளையர்' என்ற அவமதிப்பான தகுதியுடன்தான் அவர்கள் அந்நாட்டுக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். அதற்கு முன் இருந்ததோ, எலிசன் முன்மொழிந்த சட்டையை எலிசனே அங்கு அணிந்து ஆட முடியாத நிலை. அவ்வாறு விலக்கப்பட்ட மாவோரி வீரர்களிடமும் அவர்களுடைய குடும்பத்தாரிடமும் நியூசிலாந்து, தென்னாப்பிரிக்க ரக்பி சங்கங்கள் 2010ஆம் ஆண்டு மே மாதத்தில் மன்னிப்புக் கேட்டன.